மண்டபத்தில் நார்வே மொழி வகுப்பு: நாலு மாதம் படித்தபின் எழுதுகிறேன்

இந்த வகுப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மண்டபம் ரயில் நிலையத்திலிருந்து கடல் பக்கமாக நடந்தால் வலைக் கயிறும் மிதவையும் விற்கும் ஒரு கடை வரும், அதன் மாடிதான். படியேறும்போதே கருவாட்டு வாசம் அடிக்கும். சனியும் ஞாயிறும் காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை வகுப்பு. மாதம் 2,500 ரூபாய். நான் கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போய் வண்டி மாறிப் போனேன். போக வர நாலு மணி நேரம் பஸ்ஸிலேயே கழிந்துவிடும். நாலு மாதத்தில் இரண்டு நாள்தான் விட்டேன், இரண்டும் காய்ச்சலுக்கு.

என்னைப் பற்றி இரண்டு வரி. பி.ஏ. தமிழ் படித்துவிட்டு ஊரில் ஒரு டி.டி.பி. கடையில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மௌத் அறிவிப்பு, கடைத் திறப்பு நோட்டீஸ் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், நார்வேயில் ஸ்டவாங்கர் ஊரில் இருக்கிறார். கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளுக்குச் சாமான் ஏற்றி அனுப்பும் கிடங்கில் வேலை. நானும் மகளும் அங்கே போய்ச் சேர வேண்டும். வாய் திறக்கத் தெரியாமல் போய் இறங்க எனக்கு விருப்பமில்லை.

இதற்கு முன் செல்போனிலேயே ஒரு இணைய வகுப்பில் ஆறு மாதம் படித்தேன். படத்தைக் காட்டும், சொல்லைச் சொல்லும், நாம் திருப்பிச் சொன்னால் பச்சை விளக்கு எரியும். நிறையச் சொற்கள் மனப்பாடம் ஆயின. ஒருநாள் மச்சானிடம் போனில் ‘ஸீகெஹூஸ்’ என்றேன். ஆஸ்பத்திரி என்று அர்த்தம். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். பக்கத்தில் இருந்த நார்வேக்காரரிடம் போனைக் கொடுத்தார், அவருக்கும் புரியவில்லை. எழுத்தெழுத்தாகச் சொன்ன பிறகுதான் “ஓ, ஸீகெஹூஸ்” என்றார் அந்த மனிதர். நான் சொன்னதற்கும் அவர் சொன்னதற்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆத்திர அவசரத்துக்கு ஆஸ்பத்திரி என்று சொன்னால்கூட விளங்காத ஊரில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்ற கவலை.

அந்தக் கவலையைத் தீர்த்தது இந்த மாடி. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். இளவயதில் நார்வே போனவர். வடக்கே ட்ரொம்ஸோ பக்கம் மீன் தொழிற்சாலையில் பல வருடம் நின்றுகொண்டே மீன் வெட்டியிருக்கிறார். அப்புறம் புதிதாக வந்து சேருகிறவர்களுக்கு மொழி சொல்லித்தரும் பள்ளியில் உதவிக்கு இருந்தார். இப்போது அக்கா குடும்பத்தோடு மண்டபத்தில் இருக்கிறார். எல்லோரையும் ‘பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார். என்னோடு படித்தவர்கள் ஐந்து பேர். மூன்று பேர் நர்ஸ் படித்த பெண்கள், ஒருவர் கப்பல் இன்ஜின் படித்த தங்கச்சிமடத்துத் தம்பி, இன்னொருவர் உச்சிப்புளியிலிருந்து வரும் ஓய்வுபெற்ற அண்ணன். அவருடைய பேத்தி பெர்கனில் பிறந்தவள்.

முதல் நாள் டீச்சர் சொற்பட்டியல் எதுவும் தரவில்லை. மேசை மேல் இரண்டு பொருள் வைத்தார். ஒன்று கை கொள்ளாத ஒரு வலம்புரியல்லாத சாதாரணச் சங்கு, இன்னொன்று ஒரு சோழி.

“இஞ்ச பாருங்கோ பிள்ளையள். நொஸ்க்கில ஒரு சொல்லுக்கு ஒரு சங்குதான். எவ்வளவு நீளச் சொல் எண்டாலும் சங்கு ஒருக்காத்தான் விழும்.”

நொஸ்க் என்றால் நார்வே மொழி, நார்வே நாட்டு என்றும் பொருள். பிறகு ‘ஸீகெஹூஸ்’ என்றார். ‘ஸீ’ சொல்லும்போது சங்கு மேசையில் ணங்கென்று விழுந்தது. ‘கெ’க்கு ஒன்றுமில்லை, விரல் மட்டும் அசைந்தது. ‘ஹூஸ்’ வரும்போது சோழி டக்கென்று தட்டியது. மறுபடி. மறுபடி. பத்துத் தடவை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த நார்வேக்காரர் போனில் சொன்னது இதேதான். நான் மூன்று அசையையும் ஒரே பாரத்தில் சொல்லியிருக்கிறேன். தமிழில் அது தப்பே இல்லை. ‘ஆஸ்பத்திரி’யை எந்த அசையில் அழுத்தினாலும் அது ஆஸ்பத்திரிதான். குறில் நெடில் மாறினால்தான் நமக்குச் சொல் மாறும். அங்கே அழுத்தம் இடம் மாறினாலே கேட்கிறவர் காது சொல்லைத் தவற விட்டுவிடுகிறது.

சொல்லின் உள்ளே இருப்பதையும் அன்றே காட்டினார். ‘ஸீக்’ என்றால் நோயாளியான, ‘ஹூஸ்’ என்றால் வீடு. நடுவில் இருக்கும் ‘எ’ வெறும் ஒட்டு. நோய்வீடு, ஆஸ்பத்திரி. முதல் சொல்லின் அழுத்த அசையில் சங்கு, கடைசிச் சொல்லின் அழுத்த அசையில் சோழி, மற்றதெல்லாம் விரல். கூட்டுச்சொல் எல்லாவற்றுக்கும் பொதுவாக இதுதான் கணக்கு. நர்ஸுக்கு ‘ஸீகெப்லெய்யெர்’, நோயாளியைப் பராமரிப்பவர். பாலர் பள்ளிக்கு ‘பார்னெஹாகெ’, குழந்தைத் தோட்டம். மீன்படகுக்கு ‘ஃபிஸ்கெபோட்’. ஒவ்வொன்றுக்கும் சங்கு, விரல், சோழி. ஜன்னலுக்கு வெளியே அதே மீன்படகு நிற்கும், உள்ளே நாங்கள் ஃபிஸ்கெபோட் என்று தட்டிக்கொண்டிருப்போம்.

ஜன்னலை இவ்வளவு நன்றாகப் பயன்படுத்திய வகுப்பை நான் பார்த்ததில்லை. அந்த மாடியில் ஏறி நின்றால் பாம்பன் பக்கம் பாலத்தின் கோடு தெரியும். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு ராமேசுவரம் ரயில் மறுபடி மண்டபத்தைத் தாண்டிப் போகிறது. ரயில் சத்தம் கேட்டதும் டீச்சர் எழுந்துவிடுவார். ‘யேர்ன்’, இரும்பு. ‘பானெ’, பாதை. ‘யேர்ன்பானெ’, ரயில் பாதை. இருப்புப்பாதை என்று நம் தாத்தாக்கள் சொன்னார்களே, சொல்லுக்குச் சொல் அதே கட்டுமானம்! அதோடு ‘ப்ரூ’ சேர்த்தால் ‘யேர்ன்பானெப்ரூ’, ரயில் பாலம். மூன்று சொல் சேர்ந்தாலும் சங்கு ‘யேர்ன்’ மேல் மட்டும்தான். ‘ஸ்டஷூன்’ என்பது தனியாக வந்தால் கடைசியில் அழுத்தம், ‘ஷூன்’ மேல் சங்கு விழும். அதையே ‘யேர்ன்பானெஸ்டஷூன்’ என்று சேர்த்ததும் சங்கு முன்னால் ஓடிவிடும், ‘ஷூன்’ வெறும் சோழியோடு நிற்கும். ரயில் போய் முடிகிற வரைக்கும் ஆறு பேரும் இந்த ஒரு சொல்லைச் சத்தமாகச் சொல்லுவோம். கீழே கடைக்காரர் மேலே எட்டிப் பார்ப்பார்.

மண்டபத்துக்கு நார்வே ஒன்றும் புதிதில்லை என்பதையும் இங்கேதான் தெரிந்துகொண்டேன். 1953-ல் கொல்லம் நீண்டகரையில் தொடங்கிய இந்திய - நார்வே மீன்வளத் திட்டம் 1960-களில் இங்கேயும் ஒரு நிலையம் வைத்திருந்தது. விசைப்படகு நம் கடலுக்கு வந்ததில் அந்தத் திட்டத்துக்குப் பங்கு உண்டு. சரி, அது தனிக் கதை.

இரண்டாவது வாரம் ‘போட்’டையும் ‘ஹூஸ்’ஸையும் இடம் மாற்றிக் காட்டினார். ‘போட்ஹூஸ்’ என்றால் படகை ஏற்றி வைக்கும் கொட்டகை. ‘ஹூஸ்போட்’ என்றால் ஆள் குடியிருக்கும் படகு. அழுத்தம் முதல் சொல்லில், ஆனால் பொருளின் தலை கடைசிச் சொல்லில். கொட்டகையா படகா என்பதைக் கடைசிச் சொல்தான் முடிவு செய்யும். அங்கே பெயர்ச்சொல்லுக்குப் பால் உண்டு, ‘ஒரு’ என்று சொல்ல பாலைப் பொறுத்து ‘எட்’ அல்லது ‘என்’ முன்னால் வரும். கடைசிச் சொல்லின் பால் என்னவோ அதுவே முழுச்சொல்லின் பால்: ‘எட் போட்ஹூஸ்’, ஆனால் ‘என் ஹூஸ்போட்’. இது தமிழருக்குச் சுலபம். மீன்கூடை என்றால் கூடை, கூடைமீன் என்றால் மீன். நம் மொழியும் தலையைக் கடைசியில்தான் வைக்கிறது. டீச்சர் இதைச் சொன்னபோது நர்ஸ் பெண் ஒருத்தி, “அப்ப நமக்குப் பாதி வேலை முடிஞ்சது அக்கா” என்றாள். உண்மைதான். நமக்குக் கஷ்டம் அர்த்தத்தில் இல்லை, ஓசையில்தான்.

சேர்த்துச் சொல்வதற்கும் பிரித்துச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு மிகவும் பிடித்த பாடம். நார்வே மொழியில் கூட்டுச்சொல்லை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகத்தான் எழுத வேண்டும். பிரித்து எழுதினால் தப்பு, சில சமயம் அர்த்தமே கவிழ்ந்துவிடும். அந்தத் தப்புக்கு ‘ஸேர்ஸ்க்ரீவிங்’ என்று தனிப் பெயரே இருக்கிறது. நார்வேக்காரர்களே அடிக்கடி செய்கிறார்களாம். டீச்சர் பலகையில் எழுதிய உதாரணம் எங்கள் கடற்கரைக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. ‘டூன்ஃபிஸ்க்’ என்றால் சூரை மீன். ‘பீட்டெர்’ என்றால் துண்டுகள், கடிக்கிறது என்றும் பொருள். ‘டூன்ஃபிஸ்க்பீட்டெர்’ என்று ஒன்றாக எழுதினால் டப்பாவில் வரும் சூரைத் துண்டு. இடைவெளி விட்டால் சூரை மீன் கடிக்கிறது! ‘ரோய்க்ஃப்ரிட்’ என்றால் புகை இல்லாத இடம், அதாவது இங்கே புகைக்கக் கூடாது. பிரித்தால் தாராளமாகப் புகை பிடி என்று கட்டளை ஆகிவிடும். ‘லம்மெலோர்’ ஆட்டுக்குட்டித் தொடைக்கறி, பிரித்தால் மரத்துப்போன தொடைகள்.

வாயால் சொல்லும்போது இடைவெளி தெரியாதே? அங்கேதான் சங்கு. சேர்த்த சொல்லுக்கு ஒரு சங்கும் ஒரு சோழியும். பிரிந்த சொற்களுக்கு இரண்டு சங்கு. டீச்சர் தன்னையே உதாரணம் காட்டினார். “‘நொஸ்க்லேரெர்’ எண்டு ஒரு சங்கோட சொன்னா, நொஸ்க் படிப்பிக்கிற ஆள். அது நான். ‘நொஸ்க் லேரெர்’ எண்டு ரெண்டு சங்கு போட்டா, நொஸ்க் இனத்து வாத்தியார். அது நானில்லை பிள்ளை.” இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. முப்பது வருடத்துக்கு மேல் அந்த மண்ணில் உழைத்தவர்.

எனக்கு அந்த இடத்தில் கல்லூரி நினைவு வந்துவிட்டது. தொல்காப்பியம் புணரியலில் ஒரு சூத்திரம் உண்டு. எழுத்து ஒன்றுபோலவே இருந்து பொருள் மட்டும் வேறாகும் புணர்மொழிகள் இசையால் வேறுபடும் என்று சொல்லும். உரையாசிரியர்கள் தரும் உதாரணம் ‘செம்பொன்பதின்றொடி’. செம்பொன், பதின்தொடி என்று நிறுத்தினால் பத்துத் தொடி எடைத் தங்கம். செம்பு, ஒன்பதின்தொடி என்று நிறுத்தினால் ஒன்பது தொடி எடைச் செம்பு. எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, காதால்தான் முடியும். தங்கம் செம்பாகிவிடும் விஷயம். தேர்வுக்காக மனப்பாடம் பண்ணிய அந்தச் சூத்திரம் எதற்கு என்று அன்று மண்டபத்து மாடியில் உட்கார்ந்துதான் எனக்கு விளங்கியது. கையைத் தூக்கி இதை டீச்சரிடம் சொன்னேன். சங்கை மேசையில் வைத்துவிட்டு, “இன்னொருக்காச் சொல்லு பிள்ளை” என்றார். பலகையில் எழுதச் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து பாடமே அதில்தான் தொடங்கியது. மாணவர் சொன்னதை வாங்கி மறுவாரமே பாடமாக்குகிற ஆசிரியர் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட பகுதி. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் தரும் பாடத்தாள்கள் ஜெராக்ஸ் பிரதிகள். யாரோ அவசரமாக அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பத்தியாகப் பிரித்த பக்கம், குறுகலான வரி. வரிக் கடைசியில் நீளச் சொற்கள் கண்ட இடத்தில் உடைந்து கிடந்தன. ‘ஸீகெஹ்’ என்று ஒரு வரி முடிகிறது, அடுத்த வரி ‘ஊஸ்’ என்று தொடங்குகிறது. மென்பொருளில் மொழி ஆங்கிலம் என்றே இருந்திருக்கும், அது தன் இஷ்டத்துக்கு வெட்டியிருக்கிறது. படிக்கிற புதியவருக்கு அசை எது, சொல் எது என்று ஒன்றும் தெரியாமல் போய்விடும். மேசையில் சங்கு தட்டிக் கற்றுக்கொடுத்த அத்தனையையும் அந்தத் தாள் கெடுத்துக்கொண்டிருந்தது. நான் டீச்சரிடம் நேராகவே சொன்னேன். “அப்ப நீ செய்து தா” என்றார்.

செய்யப் போனபோதுதான் விதிகளை முறையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கூட்டுச்சொல்லை ஒட்டிய இடத்தில் பிரிக்க வேண்டும், ‘ஸீகெ-ஹூஸ்’. ஒட்டெழுத்து முதல் சொல்லோடு நிற்கும். வேலை என்பதற்கு ‘அர்பெய்ட்’, இடம் என்பதற்கு ‘ப்ளஸ்’. சேர்த்தால் நடுவில் ஒரு ‘ஸ்’ முளைத்து ‘அர்பெய்ட்ஸ்ப்ளஸ்’, வேலையிடம். வரி உடைந்தால் ‘அர்பெய்ட்ஸ்-ப்ளஸ்’. அந்த ‘ஸ்’ இரண்டாவது சொல்லுக்குப் போகவே கூடாது. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும். மருந்துக் கடை என்று அச்சடிக்கும்போது அந்த ‘க்’ மருந்தோடுதானே ஒட்டி நிற்கிறது? கீழக்கரையை உடைத்தால் ‘கீழக்-கரை’ என்றுதானே உடைப்போம்? புள்ளி வைத்த எழுத்தில் வரியைத் தொடங்கக் கூடாது என்று கடையில் முதல் நாளே எனக்குச் சொன்னார்கள். அதே கை, அதே கண், வேறு மொழி.

ஒரு வித்தியாசமும் உண்டு. தமிழில் பல இடங்களில் ஒட்டு உருகிவிடும். ‘அழைப்பிதழ்’ என்பதில் அழைப்பு எங்கே முடிகிறது, இதழ் எங்கே தொடங்குகிறது? இரண்டும் ‘பி’ என்ற ஒரே எழுத்துக்குள் கிடக்கின்றன. பத்திரிகையில் அந்தச் சொல் வரிக் கடைசியில் வந்தால் நான் எழுத்தைச் சிறிதாக்குவேனே தவிர உடைக்க மாட்டேன். நார்வே மொழியில் சொற்கள் அப்படி உருகுவதில்லை, அடுக்கி வைத்த செங்கல் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒளிந்து விளையாடும். ‘நட்’ என்றால் இரவு, எழுத்தில் கடைசியில் இரண்டு ‘ட்’. ‘டோக்’ என்றால் ரயில். சேர்த்தால் மூன்று ‘ட்’ வர வேண்டும். ஆனால் ஒரே மெய் மூன்று சேர்ந்து வந்தால் இரண்டுதான் எழுதுவார்கள். ஆகவே ‘நட்டோக்’, இரவு ரயில். அந்தச் சொல் வரிக் கடைசியில் உடைந்தால் மறைந்த மூன்றாவது ‘ட்’ திரும்பி வந்துவிடும். மேல் வரியில் இரண்டு, கீழ் வரியில் ஒன்று! எனக்கு இது அவ்வளவு அழகாகப் பட்டது. எங்கோ போயிருந்த பிள்ளை வாசலில் வந்து நிற்கிற மாதிரி.

இது அழகுக்காக மட்டும் உள்ள விதி இல்லை. கண்ணாடிக் கிண்ணத்துக்கு ‘க்லஸ்’, ‘ஸ்கோல்’ இரண்டும் சேர வேண்டும். அதிலும் ஒரு ‘ஸ்’ மறைந்துவிடும். தெரியாதவர் ‘க்லஸ்’ஸை வெட்டிவிட்டு மீதியைப் பார்த்தால் ‘கோல்’ என்று நிற்கும், அதற்கு முட்டைக்கோஸ் என்று பொருள். உடைக்கிற இடத்தில் மூன்றாவது எழுத்தைத் திருப்பிப் போட்டால்தான் கிண்ணம் கிண்ணமாக இருக்கும். மென்பொருளில் மொழியை நார்வே என்று மாற்றிய பிறகும் இந்தச் சொற்களை நான் நம்பி விடவில்லை. வரி உடைந்தால் மட்டும் தெரிகிற ஹைஃபனை ஒவ்வொரு கூட்டுச்சொல்லிலும் கையாலேயே வைத்தேன். சந்தேகம் வந்தால் நார்வே மொழி மன்றமும் பெர்கன் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் இணைய அகராதியில் பார்த்துக்கொண்டேன். இலவசம்தான், செல்போனிலும் வேலை செய்யும். படிக்கிற எல்லோரும் முதலில் அதைச் சேமித்து வையுங்கள்.

நெடில் குறில் பாடத்தில் தமிழருக்கு லாபம் அதிகம். ‘டாக்’ என்றால் கூரை, ‘டக்’ என்றால் நன்றி. அழுத்தம் விழும் அசையில் உயிர் நீண்டால் மெய் குறுகும், உயிர் குறுகினால் மெய் நீளும். அரை மணி நேரத்தில் எல்லோரும் பிடித்துக்கொண்டோம்.

தொனி மட்டும் இன்னும் எனக்குச் சரியாக வரவில்லை. அங்கே ஒரே ஓசைச் சொல்லுக்கு இரண்டு மெட்டு உண்டு. ‘பொன்னெர்’ ஒரு மெட்டில் விவசாயிகள், இன்னொரு மெட்டில் அவரை விதைகள், பிரார்த்தனைகள் என்பதும் அந்த இரண்டாவது மெட்டுதான். ‘டங்கென்’ ஒரு மெட்டில் தொட்டி, இன்னொன்றில் எண்ணம். இங்கே வகுப்பின் முதல் குறையைச் சொல்ல வேண்டும். வகுப்பில் போட்டுக் காட்டும் ஒலிப்பதிவு ஓஸ்லோப் பேச்சு, டீச்சர் பேசுவது வடக்கத்திப் பேச்சு. முதல் மெட்டில் ஓஸ்லோக்காரர்கள் அழுத்தும் அசையைத் தாழ்த்துவார்கள், வடக்கிலும் மேற்கிலும் உயர்த்துவார்கள். பதிவில் இறங்குவதை டீச்சர் ஏற்றிச் சொல்லும்போது எங்களுக்குத் தலை சுற்றியது. இதை அவர் முதலிலேயே விளக்கியிருக்கலாம், மூன்றாம் மாதத்தில்தான் சொன்னார். எனக்கு அதில் ஒரு நன்மை. ஸ்டவாங்கர் மேற்கில் இருப்பதால் டீச்சர் மெட்டுதான் எனக்குப் பக்கம். ஓஸ்லோ போகிறவர்கள் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மெட்டு தவறினாலும் பேச்சின் போக்கில் புரிந்துகொள்வார்கள், அழுத்தம் தவறினால்தான் ஆபத்து என்று டீச்சர் சொல்லுவார். என் ஆஸ்பத்திரிக் கதைக்குப் பிறகு எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

விதிக்கு அடங்காத சொற்களையும் அவர் மறைக்கவில்லை. நூற்றாண்டுக்கு ‘ஓர்ஹுன்ட்ரெ’. ‘ஓர்’ ஆண்டு, ‘ஹுன்ட்ரெ’ நூறு. நம் கணக்குப்படி சங்கு ‘ஓர்’ மேல் விழ வேண்டும், ஆனால் ‘ஹுன்’ மேல்தான் விழும். ஆயிரம் ஆண்டைக் குறிக்கும் ‘ஓர்டூஸென்’னும் அப்படியே. ‘பெடாலெ’, பணம் கட்டுவது, அதில் ‘பெ’ வெறும் முன்னொட்டு என்பதால் அழுத்தம் ‘டா’வில். இவற்றைத் தனி நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார். என் நோட்டில் இப்போது நாலு பக்கம் இருக்கிறது.

மற்ற குறைகள். எழுத்துப் பயிற்சி போதாது. நர்ஸ் வேலைக்கு அனுமதி வாங்க பி2 நிலை, அதாவது ஓரளவு சரளமாகப் பேசவும் எழுதவும் தெரிந்த மொழித் தேர்வு நிலை, கேட்கிறார்கள், அதற்குக் கட்டுரை எழுதத் தெரிய வேண்டும். இங்கே மாதத்துக்கு ஒரு கட்டுரைதான். அந்தப் பெண்கள் இதற்காக வேறு இடமும் தேட வேண்டியிருந்தது. டீச்சர் கோடையில் இரண்டு மாதம் நார்வே போய்விடுவார், அப்போது வகுப்பு இல்லை. இணைய வழி வகுப்பும் கிடையாது. மாடியில் இரண்டு மின்விசிறிதான், கரண்ட் போனால் கடல் காற்றை நம்ப வேண்டியதுதான். பெண்களுக்குக் கழிப்பறை கீழ்க் கடைக்குப் பின்னால் இருக்கிறது, சாவி வாங்கிக்கொண்டு போக வேண்டும். கட்டணத்துக்கு ரசீது தருவதில்லை, கேட்டால் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். புதிதாகச் சேருகிறவர்களை நடுவில் சேர்த்துக்கொள்வதால் சங்குப் பாடம் மறுபடி முதலிலிருந்து நடக்கும். எனக்கு அது அலுக்கவில்லை, கப்பல் தம்பிக்கு அலுத்தது.

வேகமாகத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்கிறவர்களுக்கு இந்த வகுப்பு மட்டும் போதாது. வீட்டாரோடு போய்ச் சேருகிறவர்கள், பேரப்பிள்ளையோடு பேச ஆசைப்படுகிறவர்கள், அங்கே போய் வாய் திறந்தால் நாலு பேருக்கு விளங்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் தாராளமாகச் சேரலாம். உச்சிப்புளி அண்ணன் மூன்றாவது மாதம் பேத்தியிடம் போனில் ‘பார்னெஹாகெ’ என்று சொல்லியிருக்கிறார். “தாத்தா, இன்னொரு தடவை” என்று அந்தப் பிள்ளை தமிழில் கேட்டதாம். பிழை என்று நினைத்து அவர் பயந்துபோனார். பிறகுதான் தெரிந்தது, தாத்தா வாயால் அதைக் கேட்கப் பிடித்துப்போய்த் திரும்பக் கேட்டிருக்கிறது.

பாடத்தாள்களில் 40 பக்கம் வரைக்கும் திருத்தி அடித்து முடித்துவிட்டேன். ஒட்டுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, அழுத்த அசை தடித்த எழுத்தில் இருக்கிறது, மூன்றாவது ‘ட்’டும் அதனதன் இடத்தில் இருக்கிறது. ஒரு பிரதியை வகுப்பு அலமாரியின் மேல்தட்டில் சங்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்கள் பழைய ஜெராக்ஸை வாங்காதீர்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். மீதிப் பக்கங்களை விசா வருவதற்குள் முடித்துத் தருவதாக டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.